“எங்களுக்குப் பின் யார்?”: பெற்றோரின் கேள்வியும் நமது கடமையும்

(கட்சி ஊழியர் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடல் ஊனமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகளையும், மனநலச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளையும் வளர்க்கும் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். எந்த மாநிலத்தவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், இறுதியில் அவர்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: “எங்களுக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்?” இதைத் தனியொரு குடும்பத்தின் துயரமாகக் கேட்டு, அனுதாபம் தெரிவித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அவர்கள் கேட்பது அரசை நோக்கி. ஆகவே அது அரசியல் கேள்வி. இதனை விளக்கக் காசர்கோட்டுக் குடும்பங்களின் போராட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

கேரளத்தின் வடகோடியில் உள்ள காசர்கோடு மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள் மீது, 1970களின் பிற்பகுதியில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, எண்டோசல்பான் எனும் பூச்சிக்கொல்லி ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. தோப்புகளைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறவிக் குறைபாடுகளுடனும், மூளை வளர்ச்சிப் பாதிப்புடனும், வலிப்பு நோயுடனும் பிள்ளைகள் பிறந்தனர். ஊர்த் தெய்வத்தின் சாபம் என்றே பலர் நம்பினர். வேளாண் துறையில் பணியாற்றிய லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றம் சென்றார். 2000இல் வான்வழித் தெளிப்பு நின்றது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில், 2011 மே மாதம், நாடு முழுவதும் எண்டோசல்பானின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு மூன்று மாதங்களுக்குள் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2017 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணை வந்தது, பணம் வரவில்லை. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கே தாய்மார்கள் போராட வேண்டியிருந்தது. நடக்க இயலாத பிள்ளைகளைத் தோளில் சுமந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் அமர்ந்தனர். 2022 மே மாதத்தில் இவ்வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 3,704 பேரில் எட்டுப் பேருக்கு மட்டுமே அத்தொகை வழங்கப்பட்டிருந்தது; நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது இடது முன்னணி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உரிமை கேட்டு வாசலில் நிற்கும் தாய்க்கு, உள்ளே அமர்ந்திருப்பது யாருடைய அரசு என்பது பொருட்டல்ல.

இப்போராட்டம் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, பிள்ளையின் குறைபாட்டுக்குத் தாயின் கருவறையைக் குற்றம் சொல்லும் சமூகத்துக்கு, காற்றிலும் நீரிலும் நஞ்சு கலந்தவர்களைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இரண்டாவது, தனித்தனி வீடுகளின் கண்ணீர் ஒன்றுசேர்ந்து கோரிக்கையான பிறகே அரசு அசைந்தது.

தோழர்களே, இனி நாடு முழுவதற்குமான நிலைமையைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் கிராமப்புறத்தினர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமற்ற கல்வியை அது உறுதி செய்கிறது. சட்டம் நல்ல சட்டமே. அதற்காகவும் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தைப் பாருங்கள். ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012 முதல் அது உயரவில்லை. 80 விழுக்காடு பாதிப்பு இருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். அதாவது, சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் செலவு மிகுந்த குழந்தைப் பருவத்தில் அத்திட்டத்தில் பிள்ளைக்கு ஒரு ரூபாயும் இல்லை.

பள்ளியின் நிலை என்ன? தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பல மாநிலங்களில் சிறப்பாசிரியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவே வைக்கப்பட்டுள்ளனர். ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைகிறார். ஆசிரியர் இல்லாத பள்ளியில் தாயே வகுப்பறை வாசலில் காத்திருக்கிறாள். அல்லது பிள்ளையும் தாயும் வீட்டிலேயே முடங்குகிறார்கள்.

இங்கேதான் வர்க்கமும் பாலினமும் சந்திக்கின்றன. வசதி படைத்த வீடு பயிற்சியாளரையும் பணியாளரையும் விலைக்கு வாங்குகிறது. விவசாயக் கூலி வீட்டில் தாயின் வேலை நிற்கிறது. குடும்பத்தின் வருவாய் பாதியாகிறது. அவளுடைய கூலியில்லா உழைப்பின் மேல்தான் அரசு தன் செலவை மிச்சப்படுத்துகிறது. படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் ஆசுவாசகிரணம் என்ற திட்டம் கேரளத்தில் உண்டு. தொகை அற்பமானது. ஆனால் பராமரிப்பும் உழைப்பே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது முக்கியமானது. அந்த ஒப்புதலைக் குறைந்தபட்சக் கூலியின் அளவுக்கு உயர்த்தும் போராட்டம் நம்முடையது.

மனநலப் பிரச்சினை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நிலை இன்னும் கடினம். அவர்கள் துயரத்தை வெளியே சொல்லவே அஞ்சுகிறார்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதைக் கண்டறிந்தது. மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது 1996இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடியவர்கள் என்று ஏசுவது எளிது. எட்டும் தூரத்தில் மருத்துவரும் மருந்தும் இல்லாத நாட்டில், தர்காவும் சங்கிலியும்தான் அவர்களுக்குக் கிடைத்த “சிகிச்சை”. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியைத் தடை செய்துள்ளது. சங்கிலி இருந்த இடத்தில் மருத்துவமனை வராவிட்டால் தடை ஏட்டோடு நிற்கும்.

“எங்களுக்குப் பின் யார்?” என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கும் பாதுகாவலர். பாதுகாவலர் சான்று கையெழுத்திடும் அதிகாரத்தைத் தரும்; சோறு போடாது, கூரை தராது. ஆகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு நடத்தும் பகல்நேர மையங்களும், ஊருக்குள்ளேயே துணையோடு வாழும் இல்லங்களும் வேண்டும். ஊருக்கு வெளியே பூட்டிவைக்கும் காப்பகங்கள் அதற்கு விடையாகா.

கிளைகளின் உடனடிப் பணிகளாக நான்கைச் சொல்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் இத்தகைய பிள்ளைகள் உள்ள வீடுகளைக் கணக்கெடுப்பது. அடையாள அட்டை முகாமுக்கு அக்குடும்பங்களோடு உடன் செல்வது. இரண்டு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஒன்றிய அரசின் உதவித்தொகை, சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணி என்பவற்றை மாதர், விவசாயத் தொழிலாளர், ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது. மூன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருந்தும், மாவட்ட மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவும் கேட்டு இயக்கம் நடத்துவது. நான்கு, இக்கூட்டங்களுக்குப் பெற்றோரையே தலைமை தாங்கச் செய்வது. பிள்ளைகள் வளர்ந்து தாமே பேசும்போது, பெற்றோரும் நாமும் பின்வரிசைக்குச் சென்று அவர்கள் சொல்வதைக் கேட்பது.

“எங்களுக்குப் பின் யார்?” என்று ஒரு தாய் அச்சத்தோடு கேட்கத் தேவையில்லாத சமூகத்தைக் கட்டுவது நம் இலக்கு. அதுவரை, அவள் அந்தக் கேள்வியைத் தனியே கேட்டுக்கொண்டிருக்க நாம் விடலாகாது.