வலி தீர்ப்பது வேறு, காட்டில் விடுவது வேறு

இங்கிலாந்தில் கார் மோதிக் கிடக்கும் சாம்பல் அணிலைத் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள் என்று வையுங்கள். எந்த உயிரானாலும் முதலுதவி செய்து வலியைத் தணிப்பது அவர் தொழில்நெறி. ஆனால், எலும்பு கூடிய பிறகு அதே மரத்தடியில் கொண்டுபோய் விட்டால் குற்றம்! 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுத்தாலும் மீட்பு மையங்களுக்கு விடுவிக்க உரிமம் கிடைத்துவந்தது. 2019இல் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. சீனத்துக் கேளையாடு என்னும் சிறு மானுக்கும் இதே கதிதான். பெரும்பாலும் மிஞ்சுவது கருணைக்கொலை. கேட்கவே கசக்கிறது, இருந்தும் விடுவிக்காதே என்னும் சட்டத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது என்கிறேன்.

காரணம் சொல்கிறேன். 1876இல் இங்கிலாந்தின் செஷயரில் உள்ள ஹென்பரி பூங்காவில் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற செல்வந்தர் அமெரிக்கச் சாம்பல் அணில் ஜோடி ஒன்றை அழகுக்காக அவிழ்த்துவிட்டார். பிற சீமான்களும் அதையே செய்தார்கள். இன்று பிரிட்டனில் அவை 20 லட்சத்துக்கும் மேல். அவை சுமக்கும் அம்மைக் கிருமி அவற்றை ஒன்றும் செய்வதில்லை. மண்ணின் செவ்வணிலுக்கோ கண்ணிலும் வாயிலும் பாதத்திலும் புண் வெடித்து, இரை தின்ன முடியாமல் சில வாரங்களில் உயிர் போகிறது. 'இத்தனை லட்சத்தில் ஒன்றை விட்டால் என்ன?' என்பார்கள். தொடங்கியதே ஓரிரு ஜோடிகளில்தானே! ஆங்கிள்சி தீவில் 1998 முதல் சாம்பல் அணில்களை அகற்றினார்கள். அருகிப்போன செவ்வணில்கள் பல நூறாகப் பெருகின. அங்கே மறுபடி ஒரு ஜோடி நுழைந்தாலும் அத்தனை ஆண்டு உழைப்பும் ஆட்டம் காணும்.

'அந்த அணில் என்ன பாவம் செய்தது?' என்பது அடுத்த கேள்வி. ஒரு பாவமும் செய்யவில்லை. செவ்வணிலும் செய்யவில்லையே! சட்டம் தண்டிக்கவில்லை, சிகிச்சை ஓர் உயிருக்குச் செய்யும் கடமை, விடுவிப்பது காடு முழுவதையும் பாதிக்கும் முடிவு என்று பிரித்துப் பார்க்கிறது. ஆனால் தடை போட்டதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது. அன்று சீமான்கள் செய்த தவறுக்கு இன்று மீட்பு மையத்துப் பணியாளர்தான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஹேசல்கொட்டை விழுதில் கருத்தடை மருந்தைக் கலந்து சாம்பல் அணில்களுக்குக் கொடுக்கும் ஆய்வு பிரிட்டனில் நடக்கிறது. அதற்குத் தாராளமாக நிதி கொடுங்கள். விடுவிக்க முடியாதவற்றை ஆயுள் முழுதும் வைத்துக் காக்க முன்வருவோருக்கு உரிமத்தை எளிதாக்குங்கள். கண்டிப்பான சட்டம் போட்ட அரசு, அதன் சுமையிலும் பங்கெடுக்கட்டும்.