மேசையில் உறங்கிய விண்ணப்பம்



1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் எமது பல்கலைக்கழகங்களிலே, ஆசிரியப் பணியின் முதற்படிகளுள் ஒன்று தகுதிகாண் விரிவுரையாளர் பதவியாகும். சிறப்புப் பட்டத்தில் உயர்ந்த வகுப்புப் பெற்றோரே அதனை நாடுவர். நியமனம் பெற்றபின் பட்டப்பின் பட்டமும் பெற்றாலன்றிப் பதவி உறுதியாகாது. அரசாங்க சேவையிலுள்ளோர் தமது தலைவரின் ஊடாகவே விண்ணப்பித்தல் வேண்டும். இங்கேதான் நான் தவறினேன்.

எமது பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பித்த இளம் ஆசிரியை ஒருவர், முடிவுத் திகதிக்குப் பத்து நாள் முன்னரே விண்ணப்பத்தை என்னிடம் தந்தார். "இவர் போய்விட்டால் வகுப்பை யார் எடுப்பார்?" என்றெண்ணி, ஐந்து நாள் அதனை மேசையிலேயே கிடக்கவிட்டேன்.

ஆறாம் நாள் அவர் வந்து, "அனுப்பிவிட்டீர்களா, சேர்?" என்று வினவினார். நாணினேன். அன்றே வலயக் கல்வி அலுவலகத்துக்கு நானே எடுத்துச் சென்றேன். முடிவுத் திகதிக்கு முதல்நாள் அது உரிய இடத்தை அடைந்தது.

நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டார், பதவி கிட்டவில்லை. ஆயினும், தோற்றார் என்பது வேறு; தடுக்கப்பட்டார் என்பது வேறு.

அதிபர்களே, தெரிவு தெரிவுக் குழுவின் கடமை. விண்ணப்பத்தைக் காலத்தில் அனுப்புவது நமது கடமை.