அரிட்டமும் ஆயுளும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இன்னும் எத்தனை நாள்?" என்னும் வினா, நோயாளி கிடக்கும் இல்லந்தோறும் எழுவதாகும். அதற்கு நம் பழைய வைத்திய நூலார் யாது விடை பகர்ந்தனர் என்பதைச் சுருங்கச் சொல்ல விழைகின்றேன்.

ஆயுர்வேத நூல்களுள் தலைசிறந்த சரக சங்கிதை 8 தானங்களும் 120 அத்தியாயங்களும் உடையது. அவற்றுள் இந்திரியத் தானத்தின் 12 அத்தியாயங்களும் மரணக் குறிகளை ஆராய்வதற்கே அமைந்தன. நிறம், குரல், மணம், மூச்சு, கனவு முதலியவற்றில் தோன்றும் அக்குறிகளை அரிட்டம் என்பர். காய்க்கு முன் பூத் தோன்றுதல் போலச் சாவுக்கு முன் அரிட்டம் தோன்றும் என்பது அந்நூலின் கொள்கை.

இம்மட்டில் கேட்டவர், மரண நாளைக் குறித்துவிடலாம் எனக் கருதுவர். அந்நூலோ இரண்டு தடைகளை இடுகின்றது. அரிட்டம் அல்லாததனை அரிட்டமென மயங்குதல், காண்பானுடைய அறிவின் பிழை என்பது ஒன்று. மெய்யாகவே அறிந்த வைத்தியனும் பிறர் கேளாதபோது அதனைச் சொல்லலாகாது. கேட்டாலும், அச்சொல் நோயாளிக்கோ பிறருக்கோ கேடு விளைக்குமாயின் அடக்கிக்கொள்ளல் வேண்டும் என்பது மற்றொன்று.

தீராத நோயை வைத்தியன் மேற்கொள்ளற்க என்றும் அந்நூல் கூறுவது உண்மையே. அஃது அவனுக்கு இட்ட எச்சரிக்கை. சுற்றத்தார் கஞ்சியையும் பணிவிடையையும் நிறுத்துவதற்குத் தந்த உத்தரவன்று.

ஆயுள் முன்னரே வரையறுக்கப்பட்டதோ என அக்கினிவேசர் வினவ, ஆத்திரேயர் வண்டியின் அச்சை உவமை காட்டினார். நல்ல அச்சு முறையாக ஓட்டினால் தன் காலம் முடிய உழைக்கும். மிகுந்த பாரம் ஏற்றினும் கரடுமுரடான வழியில் ஓட்டினும் இடையிலேயே முறியும். ஊழோடு முயற்சியும் கூடியே ஆயுளை ஆக்கும் என்பது அவர் கருத்து.

என் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று கூறுவேன். பல்லாண்டுகளுக்கு முன் என் அன்னையார் கடுஞ்சுரத்தால் கிடந்தபோது, நாடி பார்த்த ஒருவர், "வெள்ளிக்கிழமை தாண்டாது" என்றார். மருந்து நின்றது. வாயில் பாலூற்றச் சுற்றத்தார் கூடினர். திண்ணையில் பாகப்பிரிவினைப் பேச்சும் எழுந்தது. யானும் அங்கு வாளாவிருந்தேன். என் தமக்கையார் ஒருவரே கஞ்சி நீரைக் கரண்டியாற் புகட்டி வந்தார். வெள்ளி கழிந்தது, அன்னையார் எழுந்தார், மேலும் 9 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒருநாள், "நீங்கள் பேசியதெல்லாம் என் காதில் விழுந்ததடா" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

இக்கால மருத்துவரும் இதில் பிழைபடுகின்றனர். சிகாகோ நகரில் இறுதி நிலையிலிருந்த 468 நோயாளிகளைப்பற்றி 2000ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மருத்துவர் கூறிய காலக் கணக்கு, நூற்றுக்கு 20 பேரிடத்தே மட்டும் ஏறத்தாழப் பொருந்தியது.

அன்பர்களே! முடிவு நெருங்குவதை உணர்த்தும் குறிகள் உண்டு. அவை தோன்றினால் தொலைவிலுள்ள மக்களை வரவழையுங்கள், நோவைத் தணியுங்கள், நோயாளி சொல்ல விரும்புவதைச் செவிமடுங்கள். அவர் அருகிலிருந்து நாள் எண்ணாதீர்கள். கண்மூடிக் கிடப்பவர்க்கும் காது திறந்திருத்தல் கூடும்.