ஈரல் வலிக்காது



பரிசளிப்பு மேடையில் கல்லீரலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பல் வலித்தால் லயமே அறியும். ஈரல் கெட்டால் வெகுநாள் வலிக்கவே வலிக்காது. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

செம்பனை வெட்டிய அலுப்புக்குச் சாயந்திரம் சம்சு; காலையில் தலைவலிக்குப் பெனடோல். இரண்டையும் கழிப்பது அதே ஈரல்தான். பெனடோல் நல்ல மருந்து. ஆனால் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 8 மாத்திரைதான் எல்லை. தினமும் குடிக்கிறவர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குடிக்காத வீட்டுக்கும் சொல்கிறேன். 1988 அக்டோபரில், நம் பக்கத்துப் பேராக்கில், 'லோ ஷீ ஃபன்' மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் ஈரல் செயலிழந்து மாண்டார்கள். பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் விஷம் என்று கண்டார்கள். நம் ஊர் ஈரத்தில் நிலக்கடலைக்குச் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கழுவி வறுத்தால் சரியாகிவிடும் என்று தாய்மார்கள் எண்ணுகிறார்கள். வறுத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது. இரண்டு வெள்ளிக் கடலைதானே, கொட்டிவிடுங்கள் அம்மா! கோழிக்கும் போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கைத் தின்று லட்சம் வான்கோழிகள் செத்தன. அதன் பிறகுதான் இந்த விஷத்துக்கே பெயர் வந்தது.

இன்னொன்று. ஈரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பி' கிருமிக்கு 1989 முதல் இந்நாட்டுக் குழந்தைகளுக்கு அரசாங்கம் ஊசி போடுகிறது. அதற்கு முன் பிறந்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிமார் கிளினிக்கில் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சவரக்கத்தியை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.