பழைய மோட்டார் கார்களின் மூடுபனி விளக்குகள்



மோரிஸ் மைனர், ஆஸ்டின், எம்.ஜி., ஜாகுவார் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களை இன்றும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து வருபவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அந்தக் கார்களுள் சிலவற்றின் முன்பக்கத்தில், பம்பரை ஒட்டி, உருண்டையான துணை விளக்கு ஒன்றோ இரண்டோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்தவை அல்ல. உரிமையாளர் தனியே விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொண்டவை. அவற்றுள் மூடுபனி விளக்கு எது, அதை எப்படி இனங்காண்பது, காருக்கும் எதிரே வருபவருக்கும் தீங்கில்லாமல் எப்படிப் பொருத்துவது என்பதைப் பற்றி இன்று பேச இருக்கிறோம்.

அழகுக்காக மாட்டுகிற பொருள்தானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தவறான விளக்கைத் தவறான உயரத்தில் மாட்டினால், அதன் ஒளி மலைச்சாலையில் எதிரே வருகிற லோரிக்காரரின் கண்ணில் போய் விழும். மெல்லிய கம்பியில் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால் கம்பியின் உறை உருகித் தீப்பிடிக்கவும் கூடும். பழைய தகட்டில் போட்ட துளையோ என்றைக்கும் ஆறாத புண். ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

முதலில், இந்த விளக்கு ஏன் தோன்றியது? பிரிட்டனில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து, நீட்டிய கை தெரியாத அளவுக்குச் சாலைகளை மூடிவிடும் காலம் ஒன்று இருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரைக் கவிந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது; 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறப்பதற்கு அதுவே காரணமாயிற்று. அப்படிப்பட்ட மூட்டத்தில் பெரிய விளக்கைப் போட்டால், எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நிற்பதுபோல் தோன்றும். மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடுவதுதான் காரணம். அதனால்தான், தாழ்ந்த இடத்திலிருந்து, அகலமாக, மேற்புறம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும் ஒளியைத் தரும் விளக்கு தேவைப்பட்டது. கண் மேலே இருக்கிறது. ஒளி கீழே தவழ்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, கூச்சம் அவ்வளவு குறைகிறது. சாலையின் இடப்பக்க ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து செல்வது அக்காலத்து வழக்கம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் மாலை வேளையில் மூடுபனி இறங்கும்போது கார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மஞ்சள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவிச் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். மூடுபனித் துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் நீல ஒளியானாலும் மஞ்சள் ஒளியானாலும் அது ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மஞ்சள் சிலருக்குக் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே. அதோடு, மஞ்சள் கண்ணாடியைக் கண்டவுடன் அது மூடுபனி விளக்கு என்று முடிவு கட்டுவதும் தவறு. பிரான்சில் 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களின் முன்விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. பூனை முகம் பொறித்த மார்ஷால் விளக்கு மஞ்சளாக இருந்தால், அது அந்நாட்டின் சாதாரண முன்விளக்காகவோ நெடுந்தூர விளக்காகவோ இருக்கலாம்.

சரி, எப்படித்தான் இனங்காண்பது? ஆங்கிலேயக் கார்களில் நாம் அதிகமாகக் காண்பது பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனத்தின் விளக்குகள். அந்த நிறுவனம் தன் விளக்குகளுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்திருந்தது. 1945 முதல் 1949 வரை வெளிவந்த எம்.ஜி. டி.சி. காரில் பார்க்கும் மூடுபனி விளக்கு எஃப்.டி. 27. 1960ஆம் ஆண்டுகளின் மினி, எம்.ஜி.பி. போன்ற கார்களில் எஸ்.எஃப்.டி. 576, எஸ்.எல்.ஆர். 576 என்ற இரண்டையும் காணலாம். இவை ஒரே அச்சில் வார்த்த அண்ணன் தம்பி போலத் தோன்றும். ஆனால் வேலை வேறு. எஃப்.டி. என்று வந்தால் மூடுபனி விளக்கு, எல்.ஆர். என்று வந்தால் நெடுந்தூர விளக்கு. பெயரைப் பார்க்காமல் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பெயரை மட்டும் நம்பினாலும் போதாது. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்த விளக்கு எத்தனை கைகள் மாறியிருக்கும்! முகக் கண்ணாடி உடைந்தபோது, கிடைத்த கண்ணாடியை யாரோ மாட்டியிருப்பார். ஆகவே கண்ணாடியைப் பாருங்கள். மூடுபனி விளக்கின் கண்ணாடியில் மேலிருந்து கீழாக நெருக்கமான வரிப்பள்ளங்கள் இருக்கும். ஒளியைப் பக்கவாட்டில் விரிப்பவை அவையே. நெடுந்தூர விளக்கின் கண்ணாடி பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அடுத்து, விளக்கைத் திறந்து உள்ளே பாருங்கள். பல மூடுபனி விளக்குகளில் பல்பின் முன்னால் சிறிய உலோக மூடி ஒன்று தொப்பிபோல் நிற்கும். இழையிலிருந்து நேராக மேலே போகும் ஒளியைத் தடுப்பது அதன் வேலை. துரு ஏறிய துண்டு என்று அதைப் பிய்த்து எறிந்துவிட்டால், விளக்கு மூடுபனி விளக்காக இருப்பதை நிறுத்திவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. இருட்டில் ஒரு வெள்ளைச் சுவரின் முன்னே விளக்கை நிறுத்தி, பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுங்கள். சுவரில் அகலமான பட்டை விழுந்து, அதன் மேல்விளிம்பு தெளிவான கோடாக நின்றால் அது மூடுபனி விளக்கு. நடுவில் பிரகாசமான வட்டம் விழுந்தால், வெளியே என்ன எழுதியிருந்தாலும் சரி, அது மூடுபனி விளக்கின் வேலையைச் செய்யாது.

விளக்கின் காலத்தைக் கணிக்கவும் சில தடயங்கள் உண்டு. கார்களில் குரோமியப் பூச்சு 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன் நிக்கல் பூச்சே வழக்கம். 1922ஆம் ஆண்டுக் காரில் நீலச்சாயல் வீசும் குரோமிய விளக்கு இருந்தால், அது பின்னால் வந்து சேர்ந்தது. காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். பழைய விளக்குக் கூடுகள் பல பித்தளையால் ஆனவை, காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் போலி என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பின்னாளில் எஃகுத் தகட்டிலும் செய்தார்கள். பல்பு மாட்டும் இடமும் கதை சொல்லும். ஹாலோஜன் பல்பு கார்களுக்கு வந்தது 1960ஆம் ஆண்டுகளில்தான். ஹாலோஜன் பல்புக்காகவே வடிவமைத்த விளக்கை ஒருவர் 1950ஆம் ஆண்டு விளக்கு என்று விற்றால், வாங்காமல் திரும்பி வருவதே நல்லது. புதிதாகச் செய்த நகல்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. நகல் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. சாலையில் தினமும் ஓடும் காருக்கு நல்ல நகலே போதும் என்பது நம் கருத்து.

விளக்கு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குக் கொண்டு வந்தவுடன் பலர் செய்யும் முதல் வேலை, உள்ளேயிருக்கும் பிரதிபலிப்பானை உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பிரதிபலிப்பான் பித்தளையின்மேல் மெல்லிய வெள்ளி முலாம் பூசியது. இரண்டு மூன்று முறை தேய்த்தால் வெள்ளி போய்ப் பித்தளை பல்லிளிக்கும். பிற்காலத்தவற்றில் அலுமினியப் படலம் இருக்கும். அதை விரலால் தொடுவதே ஆபத்து. தூசியை மெல்ல ஊதித் தள்ளுங்கள். மங்கிப்போயிருந்தால் முலாம் பூசும் பட்டறையில் கொடுத்துப் புதிதாக வெள்ளி பூசிக்கொள்வதே முறை.

பொருத்துவதற்கு இடம் எது? காரின் உடம்பில் துளை போடாதீர்கள். பம்பரைத் தாங்கும் இரும்பிலோ, பம்பருக்கு மேலே தனியாக மாட்டும் குறுக்குக் கம்பியிலோ தாங்கியைப் பொருத்தலாம். பின்னாளில் கழற்றினாலும் கார் பழையபடியே இருக்கும். எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். பிரிட்டனில் தரையிலிருந்து இரண்டடிக்குக் கீழே பொருத்திய விளக்கை மூடுபனியிலும் பனி பொழியும்போதும் மட்டுமே எரிய விடலாம் என்று விதி இருந்தது. தாழ்வான இடம் மூடுபனி விளக்குக்கே உரியது என்பது அதிலிருந்தே விளங்கும். ரேடியேட்டருக்கு நேர் முன்னால் பெரிய விளக்கை வைத்துக் காற்றை மறைத்துவிடாதீர்கள். குளிர்நாட்டில் அது பொறுக்கும். நம் வெயிலில் மலை ஏறும்போது தண்ணீர் கொதித்துவிடும். விளக்கைத் தலைகீழாக மாட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கண்ணாடிகளில் மேற்பக்கம் எது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கூட்டில் சிறு வடிகால் துளை இருந்தால் அது அடியில் வர வேண்டும்.

மின்சாரக் கணக்கு இனி. இதில்தான் கார்கள் எரிகின்றன. 48 வாட் விளக்கு ஒன்று 12 வோல்ட் காரில் 4 ஆம்பியர் இழுக்கும். இரண்டு விளக்கு 8 ஆம்பியர். 6 வோல்ட் காரில் அதே இரண்டு விளக்கும் 16 ஆம்பியர் இழுக்கும். 1950ஆம் ஆண்டுகளின் மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்த லூக்காஸ் சி39 டைனமோ அதிகபட்சம் 19 ஆம்பியர் தரும். தாழ்த்திய முன்விளக்குகள், சிறு விளக்குகள், மழைத்துடைப்பான், எஞ்சினின் தீப்பொறி ஆகியவற்றுக்கே பதினான்கு, பதினைந்து ஆம்பியர் போய்விடும். அதன்மேல் 8 ஆம்பியரை ஏற்றினால் மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள்: மூடுபனியில் நாம் மெதுவாகத்தான் போகிறோம். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் டைனமோ தருவதும் மிகக் குறைவு. விளக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் மிகக் குறைவாக வருகிறது! எனவே பழைய டைனமோ உள்ள காருக்கு ஒற்றை விளக்கோ, குறைந்த வாட் பல்போ போதும்.

கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். விளக்குக்குப் போய்ச் சேரும் வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தாலே ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்துவிடும். 12 வோல்ட் காரில் இரண்டு சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பி போடுங்கள்; 6 வோல்ட் காருக்கு அதைவிடத் தடிப்பானது வேண்டும். பேட்டரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் பழைய சுவிட்ச் வழியாக முழு மின்சாரத்தையும் அனுப்பாமல், ஒரு ரிலேயை மறைவாக வைத்து, சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். பழைய சுவிட்ச் பிழைக்கும். விளக்கிலிருந்து திரும்பும் மின்சாரத்துக்குத் துருப்பிடித்த பம்பரை நம்பாமல், சட்டகம் வரை தனிக் கம்பி போட வேண்டும். நூல் பின்னிய உறையோடு, உள்ளே புதிய காப்புள்ள கம்பி இப்போதும் செய்கிறார்கள். தோற்றத்தில் பழமை, உள்ளே பாதுகாப்பு.

இன்னொரு செய்தி. 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். சாதாரண இழைப் பல்புக்கு முனை எதுவானாலும் கவலையில்லை. ஆனால் எல்.இ.டி. பல்பு மாட்டினால் அது எரியாமலோ கெட்டோ போகலாம். அப்படியே எரிந்தாலும், இழையின் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த பிரதிபலிப்பானில் அதன் ஒளி தாறுமாறாகச் சிதறும். மேல்விளிம்புக் கோடு காணாமல் போகும்.

கடைசியாக, குறி பார்த்தல். வழக்கமாக ஏற்றும் ஆள், எரிபொருள் இவற்றோடு காரைச் சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். ஒளிப்பட்டையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு நான்கு அங்குலம் கீழே விழ வேண்டும். அதற்கு மேலே ஏறினால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். துணை விளக்குகளுக்கு விதிமுறைகள் உண்டு; மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நம் சாலைக் குலுக்கலில் தாங்கியின் மரைகள் தளர்ந்துவிடும். ஆகையால் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை மறுபடி முடுக்கிவிட்டு, காரை அதே சுவரின் முன் இன்னொரு முறை நிறுத்திப் பாருங்கள்.