தேதியும் விலையும்: மாத்தூர்ப் பட்டறைகளும் தானியங்கிப் பேரமும்

இருப்பிலுள்ள சரக்கை விற்பவர் விலையை மட்டும் சொன்னால் போதும். ஆர்டர் கைக்கு வந்த பின்னரே வேலையைத் தொடங்கும் பட்டறைக்காரரோ ஒப்படைக்கும் தேதியையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும் என்பதும், அவ்விரண்டில் ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும் என்பதுமே இக்கருத்தரங்கு கூடியதற்குக் காரணம். புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிதன்று. மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்பு விழாவுக்கு, வேலையை ஒப்படைக்கும் அடையாளமாக ஊரார் தரும் பிடிமண்ணை வாங்கிக்கொள்ளும் குயவரான வேளார், விழா நாளுக்குள் மண்குதிரையை வனைந்து, உலர்த்தி, சூளையிலிட்டு முடிப்பதாக ஏற்றுக்கொள்கிறார்.

மாவட்டத்தின் வடக்கோரத்தில், திருச்சிராப்பள்ளியை ஒட்டியுள்ள மாத்தூரில் நிலைமை இன்னும் சிக்கலானது. 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய திருச்சி பெல் கொதிகலன் ஆலையின் வேலைகளைச் சார்ந்து வளர்ந்த இரும்புக் கட்டமைப்புப் பட்டறைகள் அங்கே உள்ளன. இத்தொழிலில் செய்கூலி டன் கணக்கில் பேசப்படுகிறது. ஆயினும் தகடு வந்துசேரும் நாளும், வெல்டிங் முடிந்தபின் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும் நாளும் பட்டறைக்காரர் கையில் இல்லை. மாதம் 30 டன் முடிக்கும் பட்டறையில் 120 டன் வேலை ஏற்கெனவே காத்திருக்குமானால், புதிய ஆர்டரின் முறை வர ஏறத்தாழ நான்கு மாதமாகும் என்பது எளிய கணக்கு. அதற்கு முன்பே வேண்டுமென்பவர் ஓவர்டைம் கூலியையோ, பின்னுக்குத் தள்ளப்படும் ஆர்டரின் தாமத அபராதத்தையோ விலையில் ஏற்கத்தான் வேண்டும்.

இவ்வாறான பேரத்தை மென்பொருள் முகவர்களிடம், அதாவது உரிமையாளர் வகுத்த வரம்புக்குள் தாமே விலை கேட்டும் சொல்லியும் முடிவெடுக்கும் நிரல்களிடம், ஒப்படைப்பதே தானியங்கிப் பேரம். வேலையை அறிவித்து, ஏற்பவரின் சலுகைகளை ஒப்பிட்டு, ஒருவருக்கு அளிக்கும் ஒப்பந்த வலை நெறிமுறையை ரீட் ஸ்மித் 1980இலேயே வெளியிட்டார். கெடு நெருங்க நெருங்க எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைச் சூத்திரமாக்கிய பராட்டின், சியரா, ஜென்னிங்ஸ் ஆகியோரின் ஆய்வு 1998இல் வந்தது. ஆனால் வாங்குபவரே தேதியை முன்கூட்டி நிர்ணயித்துவிட்டு, விலையை மட்டும் இறக்கிக்கொண்டே போகும் எதிர்த்திசை ஏலத்தைப் பேரம் என்று அழைப்பது பொருந்தாது. அது முடியாத தேதிக்கும் தலையாட்டுபவரையே வெற்றிபெறச் செய்கிறது. "இத்தேதிக்கு இவ்விலை, மூன்று வாரம் பொறுத்தால் அவ்விலை" என்று இணைகளாகப் பேசும் முகவரே பட்டறைக்கு உதவுவது; அதற்கு வேலை வரிசை அன்றாடம் கணினியில் ஏறியிருக்க வேண்டும், சிறு பட்டறைகளில் அது பெரும்பாலும் மேஸ்திரியின் நோட்டில்தான் இருக்கிறது.

ஒருவர் சார்பில் தானாக இயங்குமாறு நிரலாக்கப்பட்ட அமைப்பு அனுப்பிய செய்தியை, அவரே அனுப்பியதாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 11ஆம் பிரிவு கொள்வதால், முகவர் கொடுத்த தேதியிலிருந்து உரிமையாளர் எளிதில் நழுவ இயலாது. அதே கண்டிப்பு வாங்குபவர் பக்கமும் வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாளுக்குள் செலுத்த வேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி என்றும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதால், பணம் வரும் தேதியையும் முகவர்கள் பேரத்தின் மூன்றாம் கூறாக எவ்வாறு சேர்ப்பது என்பதை இன்றைய முதல் அமர்வு எடுத்துக்கொள்கிறது.