சமனாக முடிந்த ஓர் ஆட்டம்



வெளியூர்களில் நம்மவர் இருவர் விடுமுறை மாலையில் சதுரங்கப் பலகையை விரித்து அமர்ந்தால், சூழ நிற்போர் இறுதியில் கேட்பது, "யார் ஜெயித்தது?" என்ற ஒன்றைத்தான். ஒருவருமில்லை என்றால் முகம் வாடிக் கலைந்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இதில் ஒரு சங்கடமுண்டு. 'டிரா' என்பதைச் 'சமன்' என்று எழுதினால், ஒன்றுமே நடவாதது போலத் தொனிக்கிறது. அவ்வாறு தொனித்த ஓர் ஆட்டத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், லண்டன் மாநகரில் உலகப் பட்டத்துக்கான பந்தயம் தொடங்கிற்று. வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவர் காரி காஸ்பரோவ். 1985-இல் பட்டம் வென்றது முதல் எந்தப் பட்டப் பந்தயத்திலும் அதனைப் பறிகொடாதவர். எதிரே 25 வயது விளாதிமிர் கிராம்னிக்.

காஸ்பரோவ் தம் மூன்றாம் நகர்த்தலில் மந்திரியைக் கொண்டு எதிரியின் குதிரையை நெருக்கினார். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபெஸின் பெயர் தாங்கிய தொடக்கம் அது. கிராம்னிக் தம் மற்றொரு குதிரையை வெளியே கொணர்ந்தார். இதுவே 'பெர்லின் தற்காப்பு'. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டு, பின்னர்ப் பெரும் பந்தயங்களில் அருகிப்போன முறை.

எட்டாம் நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் பலகையை விட்டு நீங்கின. வெள்ளை ராணியைக் கறுப்பு ராஜாவே வெட்ட நேர்ந்ததால், கோட்டை கட்டும் உரிமை அவருக்கு இல்லாமற் போயிற்று. சிப்பாய்கள் இரண்டு ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பார்த்த மாத்திரத்தில் கறுப்பின் நிலை பரிதாபமே! ஆனால் காஸ்பரோவின் பலம் தாக்குதலில் அன்றோ? ராணியில்லாத பலகையில், நடுவே நிற்கும் ராஜாவுக்கு அத்தனை அபாயமில்லை. அன்றியும், கறுப்பிடம் மந்திரிகள் இருவரும் இருந்தனர். 25 நகர்த்தல்களில் ஆட்டம் சமனாயிற்று.

அதே பந்தயத்தின் 3, 9, 13-ஆம் ஆட்டங்களிலும் பெர்லின் தற்காப்பே எழுந்தது, மூன்றும் சமன்தான். காஸ்பரோவ் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. இரண்டு வெற்றிகளும் 13 சமன்களும் பெற்று, எட்டரைக்கு ஆறரை என்ற கணக்கில் கிராம்னிக் பட்டத்தைக் கைப்பற்றினார். அத்தொடக்கத்தைப் 'பெர்லின் சுவர்' என்றே சொல்லலாயினர்.

அந்தச் சுவர் சென்னைக்கும் வந்தது. 2013 நவம்பர் 13-ஆம் நாள், விசுவநாதன் ஆனந்துடன் ஆடிய பட்டப் பந்தயத்தின் நான்காம் ஆட்டத்தில் மாக்னஸ் கார்ல்சன் அதையே கையாண்டார். இம்முறை அல்லற்பட்டது வெள்ளை. ஆனந்த் ஒரு சிப்பாயை இழந்தும் மனந்தளராது, 64-ஆம் நகர்த்தல்வரை தாங்கி நின்று சமன் கண்டார். அப்பந்தயத்தில் அவர் பட்டத்தை இழந்தார் என்பது உண்மையே. ஆயினும் அன்றைய ஆட்டத்தைத்தான் நாம் இன்னமும் பலகையில் அடுக்கி அடுக்கிப் பார்க்கிறோம்.